பெரிய லென்ஸ் இல்லாமல் மட்டக்களப்பு வாவியில் பறவைப் படம் எடுக்க ஏலுமா?

கேள்வி, 2024 நவம்பர் 10

நான் இருப்பது வெள்ளவத்தையில். அம்மாவின் ஊர் கல்லடி. டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது குளிர்காலப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. கையில் இருப்பது பழைய கமரா ஒன்றும் 70–300 மில்லிமீற்றர் லென்ஸும். 600 மில்லிமீற்றர் பெரிய லென்ஸ் இல்லாமல் வாவிப் பக்கம் போவது வீண் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மையா? கொக்கட்டிச்சோலையில் கொக்கு அதிகமா?

2024 நவம்பர் 10, இரவு

பொய். பதினொரு வருசமாக என்னிடம் இருப்பதும் 70–300 தான். அதை வைத்துத்தான் சீழ்க்கைச் சிறகிக் கூட்டம் ஒன்று வாவியை விட்டு எழும்புகிற படத்தை எடுத்தேன். நாற்பது ஐம்பது பறவை, செட்டையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட. பெரிதாக அடித்து வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்க முதல் அதைத்தான் விசாரிப்பார்கள்.

"குளிர்காலம்" என்ற சொல்லை முதலில் விடுங்கள். குளிர் அங்கே, வடக்கே, அவை விட்டுவிட்டு வருகிற இடத்தில். இங்கே இருப்பது மாரி. செப்டெம்பர் தொடங்கி வந்து இறங்கும், ஏப்ரல் அளவில் திரும்பும். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற வான்பாதைக்கு இந்தத் தீவுதான் கடைசித் தரிப்பு. இதற்குத் தெற்கே அண்டார்டிக்கா வரைக்கும் கால் வைக்கத் தரை இல்லை. அதனால்தான் இவ்வளவு கூட்டம்.

டிசம்பரில் தாராளமாக வாருங்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும்.

கொக்கட்டி என்பது ஒரு மரம். கொக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சிரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

2024 நவம்பர் 11

எந்தக் கரையில் நிற்பது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஊர்ப் பெயரிலேயே விடை இருக்கிறது.

வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் எழுவான்கரை. மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில், பறவையின் முகத்தில் வெளிச்சம். பின்னேரம் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பார்க்க வேண்டும். நான் ஆரையம்பதி, படிப்பிப்பது படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம். காலையில் போகும்போதும் வெயில் முதுகில், பள்ளி விட்டு வரும்போதும் முதுகில். அங்கேயிருந்து ரவுணுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு நேரமும் கண்ணுக்குள்.

இது இவ்வளவு தெளிவாக விளங்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. அதுவரை சனிக்கிழமைகளில் விடியமுன் மண்முனைப் பாலம் தாண்டி அந்தப் பக்கம் ஓடி, சூரியனுக்கு எதிரே நின்று, எல்லாப் பறவையையும் காகமாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

2024 நவம்பர் 17

போன பதிலில் ஒன்றை விட்டுவிட்டேன், காற்று.

மாரியில் அடிப்பது வாடை, வடகிழக்கிலிருந்து. பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும், இறங்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று செட்டை அடிப்பதும் காற்றுக்கு எதிரேதான். அப்படியென்றால் காலையில் எழுவான்கரையில் நிற்கிறவருக்கு வெயிலும் முதுகில், காற்றும் முதுகில், பறவை நேரே உங்களைப் பார்த்தபடி. தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கிற காலத்தில் இதெல்லாம் தலைகீழ்.

இதை எழுதிவிட்டு இன்று காலை ஆறரைக்குப் போய் நின்றேன். காற்று ஒரு பொட்டும் இல்லை. மீன்கொத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியில் இருந்தது. வாடை எழும்பியது ஒன்பது மணிக்குப் பிறகு. அதற்குள் எனக்குப் பசி.

2024 நவம்பர் 28

மூன்று நாளாக மழை விடவில்லை. ஏ.எல். பரீட்சையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசாப் பிள்ளைகள் ஏறி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கமரா பற்றி எழுத மனம் இல்லை.

2024 டிசம்பர் 8

வெள்ளவத்தைத் தம்பி, ரிக்கெற் எடுத்துவிட்டீர்களா? எடுக்காவிட்டால் நல்லது. டிசம்பரில் வாருங்கள் என்று சொன்னது பிழை.

இன்று மண்முனையிலிருந்து வவுணதீவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். பறவை இல்லை என்றில்லை, இருக்கிற இடம் மாறிவிட்டது. உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிச் சின்னக் கால்காரருக்கு வேண்டியது விரல் மட்டத் தண்ணீரும் சேறும். வாவி இப்போது கரைப் புல்லையும் மூடி நிற்கிறது, கண்ணா என்கிற சதுப்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில். நெடுங்கால் உள்ளான்கூட நிற்க இடமில்லாமல் அலைகிறது. முகத்துவாரம் வெட்டித் தண்ணீர் கடலுக்குப் போனாலும் மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

அதெல்லாம் போயிருப்பது வயல் வட்டைகளுக்கு. வெள்ளாமை முளைத்துச் சாண் அளவில் நிற்கிற வயலில் பொறி உள்ளான், மீசை ஆலா, கொக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தக் கிழமையில் வரம்பில் கமராவோடு போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. விதைத்ததில் பாதியை வெள்ளம் கொண்டுபோன ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார், நான் அவருடைய வயலில் ஆலாவைப் படம் பிடிக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா வருதா சேர்?" என்றுதான் கேட்டார்.

வெளிச்சம் பற்றி எழுவான் படுவான் என்று பெரிய கதை சொன்னேனே, டிசம்பரில் அதற்கும் வேலை இல்லை. நாள் முழுக்க மூட்டம். எந்தக் கரையில் நின்றாலும் ஒன்றுதான். மூட்டத்தில் வேறு தொல்லை. கமரா எதைக் கண்டாலும் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கொக்கு சுண்ணாம்பாகிவிடும், ஒரு இறகும் தெரியாது; கமராவின் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டொப் குறைத்து வையுங்கள். வெள்ளை வானத்தில் நீர்க்காகம் என்றால் மறுவளம், ஒரு ஸ்டொப் கூட்ட வேண்டும். ஷட்டர் வேகம் பறக்கும் பறவைக்கு 1/1600 செக்கனுக்குக் கீழே போகாதீர்கள், ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) கூடுகிறதே என்று பயப்படவும் வேண்டாம். மணல்மணலாக வந்த படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தைத் திருத்த ஒண்ணா.

இன்று எடுத்ததில் ஒன்றைப் போடுகிறேன்: சின்னக் கொக்கு, வவுணதீவு.

2024 டிசம்பர் 9

அது சின்னக் கொக்கு இல்லையாம். ஓட்டமாவடியிலிருந்து எழுதும் தங்கச்சி பிடித்துவிட்டா. சொண்டு மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு எப்படி ஆகும், அதற்குக் கறுப்புச் சொண்டும் மஞ்சள் பாதமும் அல்லவா என்று. பாதம் தண்ணீருக்குள் இருந்தது என்று சாட்டுச் சொல்லப் பார்த்தேன். சொண்டு தண்ணீருக்கு வெளியேதானே இருந்தது என்கிறா.

சரி. நடுத்தரக் கொக்கு. பெரிய கொக்கா என்று அடுத்த சந்தேகம் வந்தது. அதற்கு வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், நடுத்தரத்துக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். என் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, கோடு இல்லை. இதற்கு 600 வேண்டியிருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்து போனது. போகட்டும்.

2024 டிசம்பர் 22

லென்ஸில் பூஞ்சணம். இரண்டாவது கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி.

என் பிழைதான். மழையில் சொப்பிங் பையால் மூடி றப்பர் பாண்ட் போட்டு எடுத்தது நல்ல வேலை, லென்ஸ் நனையவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே அலுமாரிக்குள் வைத்தேன் பாருங்கள், அதுதான் வினை. அரிசி வாளிக்குள் வை என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். முந்தி அதையும் செய்தேன், மாத் தூசி சூம் வளையத்துக்குள் போய் ஒரு மாசம் நறநற என்றது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா பைகள் நாலைந்து. மருந்துப் போத்தலுக்குள்ளும் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் வருவதைச் சேர்த்தாலே போதும்.

2025 ஜனவரி 5

"நெருங்கிப் போகிறேன், பறந்துவிடுகிறது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் வீச்சு வலைக்காரர் ஒருவர். நான் குனிந்து, நின்று, மரத்துக்குப் பின்னால் ஒளித்து, திரும்ப நாலு எட்டு வைத்து, வெகு கவனமாக ஒரு கரண்டிவாயன் கூட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். நூறு யார் இருக்கும்போதே எழும்பிவிட்டது. அவர் அதே கூட்டத்துக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் சளக் சளக் என்று நடந்து வலை வீசிக்கொண்டிருந்தவர்தான். அவருக்கு எழும்பவில்லை.

"சேர், நீங்க நடக்கிறது பூனை வாறாப்போல இருக்கு. நிண்டு நிண்டு, அதையே பாத்துக்கிட்டு. அதுக்கு விளங்காதா? நான் மீனைப் பாத்துக்கிட்டு நடக்கிறன், அதுக்கு என்னைத் தெரியும். ஒரு இடத்துல குந்துங்க. மறுகா அதுவா வரும்."

அன்றிலிருந்து குந்துகிறேன். ஒரு மணித்தியாலம், சில நாள் இரண்டு. குடை ஒன்று, பிளாஸ்கில் பிளேன்ரீ, திருத்த வேண்டிய பயிற்சிக் கொப்பி ஒரு கட்டு. மீசை ஆலா வேட்டைக்கு வந்தால் ஒரே கோட்டில் போய், திரும்பி, திரும்பவும் அதே கோட்டில் வரும், தறியில் நாடா ஓடுகிற மாதிரி. துரத்தத் தேவையில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

படுத்துக்கொண்டு, பறவையின் கண் மட்டத்துக்குக் கமராவை இறக்கி எடுத்தால் படமே வேறாக இருக்கும். கட்டாயம் செய்து பாருங்கள்.

2025 ஜனவரி 6

படுத்துக்கொண்டு என்று எழுதினேன். வாவியில் முதலை இருக்கிறது என்பதை எழுதவில்லை. கல்லடியில் பிறந்த அம்மாமார் இந்த இழையை வாசிக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. மன்னிக்க வேண்டும்.

தண்ணீர் விளிம்பில் படுக்க வேண்டாம். புல்லோடு ஒட்டிய கரையில், கண்ணா வேர் இருண்டு கிடக்கிற இடத்தில், கலங்கின தண்ணீருக்குப் பக்கத்தில் படுக்கவே வேண்டாம். வயல் வரம்பில் படுங்கள், அங்கே பாம்பு மட்டும்தான். உன்னிச்சைக் குளம், வெள்ளாவெளிப் பக்கம் போகிறவர்கள் பொழுதுபட முதல் கிறுகிவிட வேண்டும், யானை.

2025 ஜனவரி 14

பொங்கல். வேலை ஒன்றும் இல்லை, ஆகவே சும்மா ஒரு கதை.

பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு வவுணதீவுப் பக்கம் முதல் தரம் போன நாள், வயசான ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். "காணி அளக்கவா தம்பி?" இல்லை, குருவி பார்க்க என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போர்க்காலத்தில், 2007 வரைக்கும், இந்த வாவிதான் எல்லை, அந்தப் பக்கம் ஒரு ஆட்சி, இந்தப் பக்கம் ஒரு ஆட்சி. கரையில் நின்று கண்ணாடிக் குழாயால் மறுகரையைப் பார்க்கிறவன் குருவியா பார்ப்பான் என்று அவர் நினைத்திருந்தால் பிழை சொல்ல ஏலாது. அடுத்த முறை கண்டபோது ஆறுமணிக் குருவி எந்த வளவில் கத்துகிறது என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். படம் வரவில்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பற்றைக்குள் கத்துகிற குருவிக்கு வெளிச்சம் எங்கே?

2025 பெப்ரவரி 2

இன்று உலக ஈரநில நாள். 1971 இல் ஈரானின் ராம்சார் நகரத்தில் உடன்படிக்கை எழுதிய நாள். இலங்கையில் ராம்சார் பட்டியலில் ஆறு இடம் இருக்கிறது: பூந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. எங்கள் வாவி இல்லை. கிழக்குக்கு ஒன்றே ஒன்று, அம்பாறையில் குமண, 2010 இல் சேர்த்தது.

குமணவுக்கு டிசம்பரில் போய்க் கூடு பார்க்கவில்லை என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். குமண வில்லு என்கிற நீர்நிலையில் கூடு கட்டுவது மாரி முடிந்த பிறகு, மே ஜூன் அளவில். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் அந்தக் காட்டால் நடக்கிற காலத்தை ஒட்டி. மாரியில் அங்கே இருப்பது விருந்தாளிகள்.

இங்கே ஒரு மாற்றம். வாவி இறங்கத் தொடங்கிவிட்டது. மண்முனையில் சேற்றுத் திட்டி இரண்டு வெளியே தெரிகிறது, அதில் உப்புக்கொத்தி.

வாவிக்குள் கொக்கும் நீர்க்காகமும் இரவு தங்குகிற தீவு எது என்று தனியாக எழுதிக் கேட்டவருக்கு இங்கேயே பதில்: சொல்ல மாட்டேன். போன வருசம் ஒரு ஆளுக்குச் சொன்னேன். அடுத்த கிழமை மூன்று தோணியில் ஆட்கள்.

2025 பெப்ரவரி 9

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது, நாடு முழுக்க. பாணந்துறையில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் ஏறினதாம். பற்றரி சார்ஜில் பாதியில் நின்றுவிட்டது. காட்டுயிர் படம் பிடிக்கிறவனைக் காட்டுயிரே பழிவாங்குகிறது என்று மனைவி சொல்கிறா.

பழி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே உறுத்துகிற விசயம். அந்த விறாந்தைப் படம். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: சீழ்க்கைச் சிறகி வலசை வருவதில்லை, இங்கேயே இருக்கிற பறவை. மாரிப் பறவை பற்றிய இழையில் அதைக் கொண்டுவந்து போட்டதே பொருத்தமில்லை.

அடுத்தது. அந்தக் கூட்டம் தானாக எழும்பவில்லை. கூட வந்தவர் கை தட்டிவிட்டார்.

2025 பெப்ரவரி 10

கூட யாரும் வரவில்லை. தட்டியது நான்.

முதல் தட்டில் சில எழும்பி வேறு பக்கம் போய் இருந்தன, படம் சரி வரவில்லை. அங்கே போய்த் திரும்பத் தட்டினேன். மூன்றாம் தரம்தான் நான் நினைத்த மாதிரி அமைந்தது. எட்டு வருசத்துக்கு முந்திய கதை. அப்போது அது ஒரு விசயமாகவே தெரியவில்லை. வயலில் இருந்து கிளி கலைப்பதற்கு எங்கள் ஆட்கள் தகரம் தட்டுவதில்லையா? ஆனால் அவர்கள் வெள்ளாமைக்காகத் தட்டுகிறார்கள். நான் விறாந்தைக்காக.

இப்போது, பெப்ரவரி மார்ச்சில், இது கூடுதல் பிழை. திரும்பிப் போகிற பறவைகள் தின்று கொழுப்புச் சேர்க்கிற காலம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அதுதான் கட்டுச்சோறு. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் செலவாகிறது.

ஓட்டமாவடித் தங்கச்சி "எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோதே தெரியும் சேர், எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது" என்று எழுதியிருக்கிறா. திரும்பிப் பார்த்தது என்னை.

2025 பெப்ரவரி 23

அறுவடை தொடங்கிவிட்டது. வெட்டு மெசினுக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு முப்பது நாற்பது, மேலே செம்பருந்து, கம்பியில் வரிசையாக நீலவால் பஞ்சுருட்டான். மெசின் சத்தத்துக்கு ஒன்றும் அசைவதில்லை, பத்து யாரில் நின்றாலும் கவலை இல்லை. 70–300 ஐ 200 க்குக் குறைத்து எடுத்தேன், அவ்வளவு கிட்ட. தூசிதான் தாங்க ஏலாது. லென்ஸ் மாற்ற நினைப்பவர்கள் வயலில் மாற்ற வேண்டாம்.

வாவியும் நன்றாக இறங்கிவிட்டது. வெள்ளவத்தைத் தம்பி, வருவதென்றால் இனி வாருங்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் ஏறுங்கள். வெளியூர்க்காரருக்கு விளங்காது: பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. 2014 இல் பாலம் வருமுன் மண்முனையிலும் அதுதான். பறவைகளுக்கு அது பழகின சாமான், பக்கத்தால் போனாலும் எழும்பாது.

2025 மார்ச் 9

தம்பி போன சனிக்கிழமை வந்து போனார். அம்மாவையும் கூட்டி வந்தார். 150–600 ஒன்றும் கொண்டு வந்தார், சிநேகிதனிடம் இரவல் வாங்கி.

பாதை நடுவாவியில் போகும்போது விராலடிப்பான் ஒன்று தண்ணீரில் விழுந்து எழும்பியது. காலில் மீன். இரண்டு பேரும் எடுத்தோம். என்னுடையதில் வானத்தில் ஒரு புள்ளி, புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி. அவருடையதில் பறவையின் மஞ்சள் கண், நகம் செதிலுக்குள் இறங்கியிருக்கிற இடம், எல்லாம் தெரிகிறது. மீன் மணலை என்று பாதைக்காரர் கமராவின் திரையைப் பார்த்தே சொன்னார்.

நவம்பரில் "பொய்" என்று எழுதியதைப் "பாதிப் பொய்" என்று வாசியுங்கள்.

அந்த லென்ஸ் இரண்டு கிலோ அளவில் வரும். ஒரு மணித்தியாலம் நான் தூக்கிப் பார்த்தேன், இரண்டு நாள் தோள் நொந்தது. விறாந்தைப் படம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. சித்திரை வருசத்துக்கு வெள்ளை அடிக்கும்போது கழற்றத்தான் வேண்டும், திரும்ப மாட்டுவதா என்று அப்போது பார்ப்போம்.